தங்க ஓரம் போட்ட செட்

பணி ஓய்வு பெற்ற பிறகு நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே விதிமுறைப் புத்தகம், மந்திரவாதிகளும் பறக்கும் பாம்புகளும் சண்டை போடுகிற ஒரு கார்டு விளையாட்டுக்கானது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் சிவகாசி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த பாய். நான் வருவாய்த் துறையில் எழுத்தராக நுழைந்து துணை வட்டாட்சியராக வெளியே வந்தவன். எந்த மனுவை எந்த மேசையில் கொடுக்க வேண்டும், எந்தக் காகிதத்தோடு எதை இணைக்க வேண்டும் என்று கேட்க எங்கள் பகுதியில் பாதிப் பேர் என் வீட்டுக்கு வருவார்கள். மீதிப் பேர் கேட்காமல் போய், மனு திரும்பி வந்த பிறகு வருவார்கள். பாய் முன்யோசனைக்காரர்.

"பூராம் இங்கிலீஷ்ல போட்டிருக்கான் சார். விருதுநகர்ல கல்யாண மண்டபம் பிடிச்சுப் போட்டி வைக்கானாம், நம்ம கடையிலயும் பேர் பதியச் சொல்லுதான். நாளைக்குச் சீட்டாட்டம்னு போலீஸ் வந்து நின்னா நான் என்னத்தச் சொல்ல? இது சூது இல்லைன்னு நீங்க படிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார்.

படித்தேன். சூது இல்லை. ஆளுக்கு ஒரு கட்டு. அவரவர் கட்டை அவரவரே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு கார்டிலும் ஒரு பிராணியோ வீரனோ மந்திரமோ இருக்கும். எதை எப்போது இறக்குவது என்பதுதான் விளையாட்டு. விதிகள் நன்றாக எழுதப்பட்டிருந்தன. ஒரு பிரிவு இன்னொரு பிரிவோடு முரண்படவில்லை, விதிவிலக்குகள் தனியாக ஒரு அத்தியாயத்தில் இருந்தன, முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அரசுக்கு இப்படி எழுத வராது என்பதை நான் சேவையில் இருந்த காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். பறக்கும் பாம்புக்கு எழுத வந்திருக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. மற்ற ஊர்களில் பிள்ளைகள் இந்தக் கார்டுகளைச் சின்னப் பாக்கெட்டுகளாக வாங்கிச் சேர்த்தார்கள். எங்கள் ஊருக்கு அவை வந்த வழி வேறு. அதற்கு முந்தைய தீபாவளிக்கு, பட்டாசு கிஃப்ட் பாக்ஸுக்குள் ஒரு கார்டு செட்டையும் வைத்து விற்கலாம் என்று யாரோ யோசித்து, கார்டு கம்பெனியிடம் அனுமதி வாங்கி, இங்கேயே ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் அச்சடித்தார்கள். தீபாவளிச் சரக்கு என்பதால் கார்டின் முதுகில் தங்க நிறத்தில் ஓரம். பாக்கெட்டில் வருகிற கார்டுக்கு முதுகு நீலம், முனை உருண்டை. இதற்கு ஓரம் தங்கம், முனை சதுரம். பெட்டிகள் நினைத்தபடி விற்கவில்லை. சீசன் முடிந்ததும் பிரித்துப் பட்டாசை ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, கார்டு செட்டுகளைச் சாக்கில் கட்டி பாய் கடையில் தள்ளிவிட்டார்கள். ஆகவே எங்கள் பகுதியில் இந்த விளையாட்டைப் பழகிய அத்தனை பேரும் தங்க ஓரச் செட்டில்தான் பழகினார்கள். வேறு மாதிரி ஒன்று உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

விதிமுறைப் புத்தகத்தின் பிற்சேர்க்கையில் அந்தச் செட்டின் பெயர் இருந்தது. 'அதிகாரப்பூர்வப் போட்டிகளில் அனுமதிக்கப்படாதவை' என்ற தலைப்பின் கீழே. பிறகு பாய் கடையில் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில், பார்கோடுக்குக் கீழே, கடுகைவிடச் சின்ன எழுத்தில் அதே செய்தி. அதைப் படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த மாதிரிப் பொருளை வாங்குகிற வயது இருப்பதில்லை.

காரணம் நியாயமானதுதான். நீல முதுகுக் கார்டுகளுக்கு நடுவே தங்க ஓரக் கார்டு ஒன்று இருந்தால், கவிழ்த்து வைத்த கட்டில் அடுத்து என்ன வருகிறது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதுகைப் பார்த்து முகம் தெரியக் கூடாது. சீட்டு என்ற சமாச்சாரம் உலகத்தில் வந்த நாளிலிருந்து இருக்கிற விதி.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்கு எதிர்வீட்டுக்காரன் காரணம். முப்பது வயதுக்காரன். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவன். அங்கே நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த மாதிரிச் செய்திகள் எங்கள் பகுதியில் ஒரே வாக்கிய அமைப்பில் வரும், ஊர்ப் பெயர் மட்டும் மாறும். அவன் பிழைத்துக்கொண்டான். வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன, தோல் கழுத்து வரை சுருங்கிப் போனது. அக்கா வீட்டில் இருந்தான். அவள் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் வருகிறவள்; தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். இரண்டு வருடமாக அவன் ஆஸ்பத்திரிக்குத் தவிர தெருவைத் தாண்டிப் போனதில்லை.

அக்கா பிள்ளைகளுக்கு யாரோ கொடுத்த கிஃப்ட் பாக்ஸில் இருந்து அந்தச் செட் அவன் கைக்கு வந்தது. பிள்ளைகள் ஒரு வாரத்தில் சலித்துப் போய்ப் போட்டுவிட்டார்கள். அவன் விடவில்லை. ஒரு மரக்கட்டையில் நீளவாக்கில் பள்ளம் அறுத்து, கார்டுகளை அதில் நிறுத்தி வைத்துக்கொண்டு, இடது கையால் இறக்குவான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் கடைக்கு வந்தான். கடைக்குப் பின்னால் இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்களும் இரண்டு மூன்று பாலிடெக்னிக் பையன்களும் ஆடுவார்கள். நானும் அன்று இருந்தேன், செய்தித்தாள் ஓசியில் கிடைக்கும் என்பதால். முதல் ஆட்டத்தில் எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் அந்தக் கட்டையைப் பார்த்தார்கள், அடுத்து என்ன இறங்கப் போகிறதோ என்ற பயத்தில். அதற்குப் பிறகு அவன் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வராமல் இருந்ததில்லை. அவனைத் தோற்கடித்தவர்களும் இல்லை.

விருதுநகர்ப் போட்டியில் வயது வரம்பில்லாத பிரிவு ஒன்று இருந்தது. பாய் அவன் பேரைப் பதிந்துவிட்டார். நான்தான் போய் அந்தப் பிற்சேர்க்கையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவன் மரக்கட்டையில் நின்ற கார்டுகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தான்.

"ஜெயிக்கணும்னு இல்ல சார்" என்றான். "அங்கன உக்காந்தா எதிராளி கார்டத்தான பாப்பான். தெரியாத ஊர்ல தெரியாத ஆளு, என் மூஞ்சிக்கு முன்னால உக்காந்து கார்டப் பாப்பான். அதுக்குத்தான் போகணும்னேன்."

அடுப்படியில் இருந்து அவன் அக்கா, புதுச் செட் ஒன்று வாங்கி ஆட முடியாதா என்று கேட்டாள். முடியாது என்பதை அவனே அவளுக்கு விளக்கினான். பாக்கெட்டில் எது வரும் என்று யாருக்கும் தெரியாது, இந்தச் செட்டை இத்தனை மாதமாக மனப்பாடமாக்கி வைத்திருக்கிறான், வேறு கட்டு என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் என்னைப் பார்த்து, "ஏதாச்சும் மனு கினு குடுத்துப் பாருங்க சார். ரெண்டு வருசமா சுவத்தப் பாத்துட்டே கெடந்தவன்" என்றாள்.

விதிவிலக்குகள் அத்தியாயத்தில் வழி இருந்தது. மாவட்ட அளவிலான போட்டிகளில், தலைமை நடுவர் முன்கூட்டியே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால், பிற்சேர்க்கையில் உள்ள ஒரு செட்டை அனுமதிக்கலாம். கட்டு முழுவதும் அதே செட்டாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கார்டும், முகம் மட்டும் தெரிகிற, முதுகுப் பக்கம் ஒளி புகாத கவருக்குள் இருக்க வேண்டும். கட்டு முழுக்கத் தங்க ஓரம் என்றால் முதுகுகளுக்குள் வித்தியாசம் கிடையாது. கறுப்புக் கவருக்குள் போய்விட்டால் முதுகே தெரியாது. விதிக்கு எந்தக் காரணம் இருந்ததோ அது இங்கே இல்லை. இதைப் பொருள், பார்வை, மேற்படி எல்லாம் போட்டு மனுவாக எழுதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதியும் எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

தலைமை நடுவர் ஒரு இன்ஜினியரிங் பட்டதாரி, கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். டி-சட்டையில் ஒரு மண்டை ஓடு சிரித்துக்கொண்டிருந்தது. என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டார். அரசு நடைமுறையில் இல்லாத விளி என்றாலும் பதில் சொன்னேன். மனுவை முழுக்கப் படித்தார். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. எத்தனை அதிகாரிகள் முழுக்கப் படிக்காமல் என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: கார்டுகளில் யாரும் எதுவும் செய்துவிட மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 'பெட்டியில் வந்த நிலையிலேயே, எந்த மாற்றமும் இல்லாமல்' என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த வாசகத்தை அப்படியே சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

அனுமதிக் கடிதத்தை எதிர்வீட்டில் வாசித்துக் காட்டினேன். அவன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

கறுப்புக் கவர் மதுரையிலிருந்து பாய் கடைக்கு வந்து சேர்ந்தது போட்டிக்கு இரண்டு நாள் முன்னால்தான். கார்டுக்கும் கவருக்கும் இடையில் காற்று நுழையக்கூட இடம் இல்லாத அளவு. அவன் கையால் போட முடியாது. அக்காவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் ஆர்டர் நெருக்கடி. அப்போதுதான் அவனுடைய சிநேகிதன் வந்தான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன், ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் அவனுக்குத் துணையாகப் படுத்திருந்தவனும் இவன்தான். கார்டையும் கவரையும் கொடு, நான் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று வாங்கிப் போனான். போட்டிக்கு முந்தைய நாள் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தான். கறுப்புக் கவருக்குள் கார்டுகள் ஒரே சீராக, பார்க்க அழகாக இருந்தன. பிரஸ்காரன் கை என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் விருதுநகருக்கு அவனும் சிநேகிதனும் நானும் பாயும் போனோம். அவன் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தான். மண்டபத்தில் கல்யாணத்துக்குப் போடுகிற நாற்காலிகள், மேசைகளுக்கு வெள்ளைத் துணி, மேடையில் சிவகாசியில் அச்சடித்த பேனர். மதுரையிலிருந்து வந்த கல்லூரிப் பையன்கள் ஒரு பக்கம் நின்றார்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாக்கள் முறுக்கு டப்பாவோடு இன்னொரு பக்கம். அருப்புக்கோட்டை, காரியாபட்டி என்று பேர் பேராகக் கூப்பிட்டுக் கட்டுகளைச் சோதித்தார்கள்.

எங்கள் முறை வந்தது. நடுவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கட்டிலிருந்து சில கார்டுகளை உருவிப் போட்டு, கவரைக் கழற்றிக் காட்டச் சொன்னார். சோதனையின்போது கவரை ஆட்டக்காரரே கழற்ற வேண்டும், வேறு யாரும் கழற்றக் கூடாது என்பது விதி. சிநேகிதன் கையை நீட்டினான். உதவியாளர் ஒருவர் தடுத்தார்.

அவன் கழற்ற முயன்றான். இடது கையால் பிடித்து, வலது கையின் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தான். கவர் வழுக்கியது. பல்லால் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டான், நடுவர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். பின்னால் வரிசை நீண்டது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சட்டைக் கை மேலேறி முழங்கை வரை தெரிந்தது. ஒரு அம்மா தன் பிள்ளையைத் தன் பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டாள். மண்டபத்தில் வேறு எதையும் பார்க்கிற கண் ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒருவழியாக ஒரு கார்டு வெளியே வந்து கவிழ்ந்து விழுந்தது. முதுகு நீலமாக இருந்தது. முனை உருண்டையாக இருந்தது.

வேறு யாருடைய கார்டோ கலந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். முகம் அவனுடைய கார்டுதான். மறுபடியும் கவிழ்த்தான். அப்போது பக்கத்தில் நின்ற சிநேகிதன் பொறுக்க முடியாமல் சொன்னான்:

"எப்படி இருக்குலே? ரெண்டு தடவ பிளேட் மாத்துனேன். ஒரிஜினல் தோத்துரும்."

எங்கள் ஊரில் ஒரு தாள் தவறாக இருந்தால் அதற்கு ஒரே பரிகாரம்தான், திரும்ப அடிப்பது. முதுகு தவறு என்று ஊர் முழுக்கப் பேச்சு. அனுமதி வாங்கியாகிவிட்டது என்று அவன் சிநேகிதனிடம் சொல்லியும் இருக்கிறான். ஆனால் வெளியூர் ஆள் போட்டுக் கொடுத்த ஒரு கையெழுத்தை நம்பி ஆளை அனுப்பச் சிநேகிதனுக்கு மனசு வரவில்லை. தாள் எவ்வளவு சுலபமாக அச்சாகும் என்று தெரிந்தவன் தாளை நம்பமாட்டான். அதனால் நீல முதுகை ஸ்கேன் செய்து, மெல்லிய ஸ்டிக்கர் பேப்பரில் அடித்து, ஒவ்வொரு கார்டின் முதுகிலும் ஒட்டி, டை என்கிற வெட்டச்சு வைத்து முனையை உருட்டி, ஷிப்ட் முடிந்த பிறகு பிரஸ்ஸில் உட்கார்ந்து முடித்திருக்கிறான். மேசைக்கு முன்னால் வந்து எல்லோரும் வாயைப் பிளந்ததும் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான்.

நடுவர் ஒரு அசல் கார்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"சார், எங்கன வித்தியாசம்னு சொல்லுங்க பாப்போம்" என்றான் சிநேகிதன். பிரஸ்ஸுக்கு வருகிற வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே தோரணை. நிறத்தில் வித்தியாசம் இல்லை, உண்மைதான். நடுவர் இரண்டையும் மெதுவாக வளைத்துப் பார்த்தார். ஒன்று வளைந்தது, ஒன்று முரண்டு பிடித்தது.

"அங்கிள், இது போலி முதுகு" என்றார்.

முகம் அசல், செட்டுக்கு அனுமதி உண்டு, கவருக்குள் போகிற முதுகு என்ன நிறமாக இருந்தால் என்ன என்று வாதாடினேன். என் சேவைக் காலத்தில் இதைவிடப் பலவீனமான வாதங்கள் ஜெயித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கடிதத்தை என் பக்கம் திருப்பி, ஒரு வரியின் கீழே விரலை வைத்தார். எந்த மாற்றமும் இல்லாமல். நான் கொடுத்த வாசகம்.

ஸ்டிக்கரை உரித்துவிடலாம் என்று சிநேகிதன் ஒரு கார்டைப் பிடுங்கி நகத்தால் கிளப்பினான். நீலத்தோடு சேர்ந்து தங்கமும் வந்துவிட்டது. கீழே வெள்ளை அட்டை பஞ்சு மாதிரி நின்றது. பாய் தன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த புதுப் பாக்கெட்டுகளை எடுத்து நீட்டினார். நடுவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தவறான கார்டு என்றால் மாற்றிக்கொள்ளலாம், போலி செய்யப்பட்ட கார்டு என்றால் பேரையே அடித்துவிட வேண்டும் என்று விதியை எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்குத் தெரியும். அது நல்ல விதியும்கூட.

அவனோடு முதல் சுற்றில் ஆட வேண்டியிருந்த கல்லூரிப் பையன் ஆடாமலே ஜெயித்ததாகக் குறித்துக்கொண்டார்கள். நாங்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டிருக்கும்போது அந்தப் பையன் தன் கூட்டாளியிடம் கேட்டது எங்களுக்கும் கேட்டது: "பாவம்டா, கையில என்ன ஆச்சாம்?"

பாய் கொண்டுவந்த பாக்கெட்டுகளை விற்க அங்கேயே தங்கிவிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவன் ஜன்னல் பக்கம், பக்கத்தில் சிநேகிதன், பின் இருக்கையில் நான். பஸ் திருத்தங்கல் தாண்டியது. பிறகு சிநேகிதன் குரல் வந்தது.

"நல்லதுக்குத்தாம்லே செஞ்சேன்."

"தெரியும்லே" என்றான் அவன். கையிலிருந்த ஒரு கார்டைத் திருப்பிப் பார்த்து, "கலரு நல்லாத்தான் வந்திருக்கு" என்றான். சிநேகிதன் முன் இருக்கைக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும்வரை நிமிரவில்லை.

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. மும்பையில் ஒரு குழுவுக்கு எழுத வேண்டும். ஏமாற்றும் எண்ணம் இல்லை, ஆட்டக்காரருக்குத் தெரியாமல் மூன்றாம் நபர் செய்தது, நடுவரின் முன்னிலையிலேயே வலியச் சொல்லப்பட்டது. எல்லாம் வலுவான காரணங்கள். இவ்வளவு சுத்தமான ஒரு வழக்கு சேவையில் எனக்கு அமைந்ததில்லை. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கப் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து அக்கா பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சிருவீகளா சார்?" என்று கேட்டான்.

ஜெயிக்கலாம் என்றேன்.

"ஜெயிச்சா அடுத்த போட்டிக்குப் போலாம். அங்கனயும் அந்த மேசைக்கு முன்னால நின்னு கவரக் கழத்திக் காட்டணுமா?"

சோதனை எல்லோருக்கும் பொது என்றேன்.

"அப்ப வேண்டாம் சார்" என்றான். காற்றடிப்பதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

மனுதாரர் கையெழுத்து இல்லாத மனுவை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் எத்தனையோ மனுக்களை அந்தக் காரணத்துக்காகவே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இரண்டு பிரதியையும் மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். பாய் கடைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. அவன் வரவில்லை. ஒன்றிரண்டு வாரம் பையன்கள் விசாரித்தார்கள், பிறகு வேறொரு பையன் ஜெயிக்க ஆரம்பித்தான். சிநேகிதன் மட்டும் தினமும் சாயங்காலம் எதிர்வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவான். இரண்டு பேரும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவார்கள்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அவனுக்கு ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் நிற்கிற ஒரு தனியார் கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. லாரிக்காரர்கள் கேட்டில் ஹாரன் அடிப்பார்கள், அவன் உள்ளிருந்தே சங்கிலியை இழுத்துத் திறந்துவிடுவான், யாரும் இறங்க வேண்டியதில்லை. அவன் அக்கா அதை என்னிடம் வந்து சொன்னாள். "ஆள் நடமாட்டமே கிடையாதாம் சார்" என்றாள், நல்ல இடத்தில் சம்பந்தம் கூடிவந்ததைச் சொல்கிற மாதிரி.